போன தடவை என்ன நடந்தது என்று கேளுங்கள்

டாக்டர், உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். குளச்சல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கடற்கரை ஊர்களிலிருந்தும், உள்ளே தலித் குடியிருப்புகளிலிருந்தும், எப்போதாவது மலையிலிருந்தும் மார்பில் கட்டியோடும் வாயில் ஆறாத புண்ணோடும் வருகிறார்கள். சதை எடுத்துப் பார்க்கும் வரை வருகிறார்கள். முடிவு வந்து மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்ததும் காணாமல் போகிறார்கள். கடைசியாகப் போனவர் மீன் விற்கும் 46 வயதுப் பெண், போன் எடுப்பதில்லை. "இவர்களுக்கு எப்படி விழிப்புணர்வு கொடுப்பது, நம் மேல் எப்படி நம்பிக்கை வரவழைப்பது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டியைப் பார்த்துப் பயந்து, ஒரு நாள் வியாபாரத்தை விட்டு, உங்களிடம் வந்து ஊசிக்கு உடம்பைக் காட்டியவருக்கு விழிப்புணர்வு இருக்கிறது. நோய் இன்னது என்று தெரிந்த பிறகு, நம் கையில் தன்னை ஒப்படைத்தால் நல்லது நடக்கும் என்று அவரால் ஏன் நினைக்க முடியவில்லை என்பதுதான் மிச்சம். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 26 வருடம் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு 7 வருடமாக, வீடு தேடிப் போய்ப் புண் கட்டி வலி மருந்து கொடுக்கும் ஒரு சிறு குழுவோடு சுற்றுகிறேன். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்பதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் வந்தார்கள், யார் பாதியில் போனார்கள், ஏன் போனார்கள் என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வார்டில் முதல் பத்து வருடம் நானும் படம் காட்டிப் பேசியவள்தான். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களிடம் "கத்தி வைத்தால் பரவாது" என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். கடற்கரையிலிருந்து வந்த ஒரு அக்கா மூன்று தடவை எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு மூன்று தடவையும் திரும்பிப் போனார். நான்காவது தடவை பேசுவதற்கு எனக்கே தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எக்கா, இதுக்கு முன்ன உங்க வீட்டுல யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க?" என்று சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்க அம்மைய கொண்டு போனோம் சிஸ்டர். சின்ன டெஸ்டுன்னு சொல்லி கைநாட்டு வாங்கினாவ. முழிச்சுப் பாக்கும்போ ஒரு பக்கம் இல்ல. என்ன சீக்குன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல. நாப்பதாம் நாளு போயிட்டா."

நான் கத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் அந்த நாற்பது நாளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவின் நோய் முன்பே உள்ளே பரவியிருக்க வேண்டும், அறுவை சிகிச்சையால் பரவியிருக்காது. ஊசி போட்டுச் சதை எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது என்பதும் உறுதியான விஷயம். ஆனால் அவர் கண்ணால் கண்டது: கத்தி வைத்தார்கள், அம்மா செத்தாள். அதை ஒரு மடிப்புத்தாளால் அழிக்க முடியாது. நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் "அப்படிச் செய்திருக்கக் கூடாது, தப்பு" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் கேள்வியைக் கேட்டார்: "எனக்கும் கேக்காம எடுத்திருவாவளா?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. பரிசோதனைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு உறுப்பை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டும், நோயாளி கண் விழிக்கும் வரை காத்திருக்க முடியாது என்ற நிலை மட்டும்தான் விலக்கு. அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். எங்கள் டாக்டர் அம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து, இது எடுப்போம், இது எடுக்க மாட்டோம் என்று காட்டி, அந்தக் காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்தார். மூன்று தடவை பேசியும் நகராதவர் அந்த வாரமே சேர்ந்தார்.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி இதுதான்: "போன தடவை என்ன நடந்தது?" நான் பார்த்த அளவில், அவநம்பிக்கை என்று நாம் பெயர் வைப்பது பெரும்பாலும் ஒரு ஞாபகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு சாவு. அது தெரியாமல் நீங்கள் சொல்லும் ஆறுதல் எல்லாம் வேறு யாருக்கோ சொல்வது போலத்தான் போய்ச் சேரும்.

சில ஞாபகங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, ஒரு கரைக்கே சொந்தம். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளைப் பக்கம் போய்ப் பாருங்கள். கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு இருக்கிறது, அதனால்தான் புற்றுநோய் வருகிறது என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் போய் "உங்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கப் போகிறோம்" என்று அதே சொல்லைச் சொல்கிறோம். எதைக் கண்டு ஆயுள் முழுக்கப் பயந்தார்களோ அதையே மருந்து என்றால் எப்படித் தாங்குவார்கள்? ஒரு பாட்டி பேரப்பிள்ளையைத் தொடாமல் ஐந்து வாரம் திண்ணையில் படுத்திருந்தார், தன் உடம்பிலிருந்து கதிர் குழந்தைக்கு அடிக்கும் என்று. வெளியிலிருந்து கருவி வழியாகக் கொடுக்கும் சிகிச்சையில் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. மேசையிலிருந்து இறங்கியதும் பிள்ளையைத் தூக்கலாம். இந்த ஒரு வரியை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மக்கள் தாங்களாகவே "கரண்டு வைக்கிறது" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். முதலில் அதையே சொல்லி, அடுத்து விளக்குங்கள்.

மணலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் இதே மாதிரி மணல்தான். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, 2009-ல் வெளியான ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் பங்கெடுத்த ஆய்வு அது. நல்ல ஆய்வு, ஆனால் கருநாகப்பள்ளி மக்களைப் பற்றியது. நம் கரைக்கு அப்படியே எடுத்து ஒட்டுவது சரியாகாது. ஒரே தெருவில் நாலு பேரைப் பறிகொடுத்தவர் முன்னால் அதை வாதமாக வைத்தால் அவர் எழுந்து போய்விடுவார். அவருக்கு அப்போது வேண்டியது தன் மனைவிக்கு என்ன செய்யலாம் என்பதற்கான பதில்.

அடுத்தது உடம்பு. இதைப் பெண்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்ட மண் இது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு அனுமதி கொடுத்தது. அப்படிப்பட்ட ஊரில், திரையைச் சரியாக இழுக்காமல், நாலு மாணவர்கள் சுற்றி நிற்க, "சட்டையைக் கழற்றும்மா" என்று சொல்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நானும் தடுக்காமல் நின்றிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது. மாணவர்கள் கற்க வேண்டும்தான். "இவங்க படிக்கிற பிள்ளைங்க, நிக்கலாமா?" என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். வேண்டாம் என்கிற மீதிப் பேர் அடுத்த தடவையும் வருவார்கள்.

மீன் விற்கும் பெண்களுக்கு இன்னொரு பயம் உண்டு, வாடை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் வாடை அடிக்கிறது என்று ஒரு வயதான மீன்காரப் பெண்ணைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது நாடே பார்த்த விஷயம். அதனால் வியாபாரம் முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வந்து சேரும்போது ஓ.பி. சீட்டு கொடுத்து முடிந்திருக்கும். நாம் "லேட்டாக வருகிறார்கள், அக்கறையில்லை" என்று எழுதிவிடுவோம். மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் இதே நேரச் சிக்கல்தான். விடியற்காலை வேலையை விட்டால் அன்றைய கூலி இல்லை. வாரத்தில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு மேல் இவர்களுக்கென்று ஒதுக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். முற்றிய மார்பகப் புண்ணில் வரும் நாற்றத்துக்கும் வழி இருக்கிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாளில் நன்றாகக் குறையும். முகத்தைச் சுளிக்காமல் அந்தக் கட்டைப் பிரிக்கிற நர்ஸை நோயாளி மறப்பதே இல்லை.

சீட்டு எழுதும் இடத்தில் "எந்தக் காலனி?" என்று சத்தமாகக் கேட்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அரசே 2025-ல் அறிவித்துவிட்டது. தெருப் பெயர் போதும்.

மலைக்கு வருகிறேன். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகளில் சிலவற்றுக்குப் படகில்தான் போக முடியும். அவர்களுக்குத் தங்கள் மருந்து தெரியும், தங்கள் வைத்தியரான பிலாத்தியையும் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியையும் தெரியும். கீழே சமவெளியிலும் பலர் முதலில் போவது வர்ம ஆசானிடம்தான். பச்சிலை கட்டிய மார்போடு வருகிறவரைத் திட்டுகிற டாக்டர், தான் என்ன செய்கிறார் என்று அறியாமல் செய்கிறார். அகத்தியமலைக் காணிக்காரர்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்துதான் கேரளத்து விஞ்ஞானிகள் ஜீவனி என்ற மருந்தைச் செய்து, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். அவர்களுடைய அறிவு அவ்வளவு மதிப்புள்ளது. அதற்காகப் பச்சிலை புற்றுக்கட்டியைக் கரைக்கும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை, காத்திருந்த மாதங்களில் நோய் முற்றிப் போனவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நான் செய்வது, "ஆசான் என்ன சொன்னாரு?" என்று கேட்பது. ஒரு ஆசானிடம் நேரில் போய், "ஆறாத புண், வலியில்லாத கட்டி வந்தா எங்ககிட்டயும் அனுப்புங்க" என்று கேட்டேன். அவர் அதன் பிறகு ஐந்து பேரை அனுப்பினார். எல்லா ஆசான்மாரும் அப்படி இருப்பார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் நேரில் போய்க் கேட்டது இரண்டு பேரிடம், ஒருவர் பேசவே மறுத்துவிட்டார்.

பதிவேட்டில் "சிகிச்சை மறுத்தார்" என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள்: வீட்டுக்காரர் எங்கே? தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் கரை திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். "அவரு வரட்டும்" என்றால் உண்மையிலேயே அவர் வரட்டும் என்றுதான் அர்த்தம். ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பருக்குப் பிறகு அந்த ஊர்களில் அந்த வாக்கியத்துக்கு இன்னும் கனம் கூடிவிட்டது. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், குடும்பத்தோடு பேச நல்ல நேரம். ஆனால் அதுவரை நோய் காத்திருக்காது. கடலிலிருக்கும் கணவருக்கு எப்படியாவது தகவல் சொல்ல முடியுமா என்று படகு உரிமையாளரிடம் கேட்டுத் தேதி குறித்திருக்கிறோம்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தை சொன்னால் கேட்பார்கள், அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், பேசலாம் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். பொதுவான பேச்சுக்குச் சரி. ஒருமுறை நல்லெண்ணத்தோடு ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபம் கேட்டுவிட்டார்கள். மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. அந்தத் தெருவிலிருந்து வெகு நாள் யாரும் எங்களிடம் வரவில்லை. நோயாளியைக் கேட்காமல் யாரிடமும், அவருடைய பிள்ளைகளிடம்கூட, வாயைத் திறக்காதீர்கள். வீட்டார் "அம்மாவிடம் சொல்லாதீங்க" என்று கெஞ்சுவதும் நடக்கும். இதில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு விதி இல்லை. நான் நோயாளியிடமே கேட்பேன்: "ரிசல்ட் வந்தா உங்ககிட்ட சொல்லணுமா, வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?" இதைச் சதை எடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

பணம் பற்றி அதிகம் சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, சிகிச்சைச் செலவு பெரும்பாலும் அதில் அடங்கும். பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் கூலி, சாப்பாடு இதிலெல்லாம்தான் விழுந்துபோகிறார்கள்.

பாதியில் போகாமல் இருக்க எது நிச்சயம் உதவும் என்று கேட்டால், பெயர் தெரிந்த ஒரு ஆள் என்பேன். நியூயார்க்கின் ஹார்லெமில் ஹரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், ஏழைக் கறுப்பினப் பெண்களுக்காக 1990-ல் இதை முறையாகத் தொடங்கினார்: சந்தேகம் வந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும் வரை ஒரே ஆள் கூடவே போவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 100-க்கு 39 ஆக இருந்தது பிறகு 70 ஆனது. அதே மருத்துவமனையில் இலவசப் பரிசோதனையும் நடந்ததால், எந்தப் பங்கு எதனுடையது என்று பிரிக்க முடியாது. நமக்கு அப்படி ஒரு ஆளைப் புதிதாக நியமிக்கத் தேவையில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் ஊருக்குள் ஒரு பெண் போய்க்கொண்டிருக்கிறார். 2023-ல் தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பரிசோதனையை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. கூப்பிட்டுப் பரிசோதித்து, பிறகு அவரை மறந்துவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். ஒரு நோயாளிக்கு ஒரு பெயர், ஒரு எண். "திங்கக்கிழமை கூப்பிடுறேன்" என்றால் திங்கட்கிழமை கூப்பிட வேண்டும், ரிசல்ட் வரவில்லை என்று சொல்வதற்காவது.

கடைசியாக, நான் மிகவும் தாமதமாகக் கற்றது. குணமாக்க முடியாத நோயாளியை "இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்புகிறோமே, அந்த வீட்டில் அதன் பிறகு நடப்பதைத் தெரு முழுக்கப் பார்க்கிறது. இரவெல்லாம் அலறி, புழு வைத்த புண்ணோடு ஒருவர் செத்தால், பத்து வருடம் கழித்து அந்தத் தெருவில் ஆரம்ப நிலைக் கட்டியோடு இருக்கிற பெண் உங்களிடம் வரமாட்டார். மார்ஃபின் என்ற வலி மாத்திரை விலை குறைவு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்து, முறையாகக் கொடுத்தால் பெரும்பாலான புற்றுநோய் வலி அடங்கும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபினுக்கு உரிமம் வாங்குவதையும் எளிதாக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற அமைப்பு 2003-லிருந்து இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு கடற்கரை ஊரில் வாய்ப்புற்று வந்த ஒரு தாத்தாவுக்கு நாங்கள் நான்கு மாதம் போய்ப் புண் கட்டினோம். கடைசி வாரம் வரை திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், தூக்கத்தில் போனார். அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம் அவருடைய மருமகள் என்னிடம் வந்து, "சிஸ்டர், எனக்கும் ஒரு முழை இருக்கு, ரெண்டு வருசமா சொல்லல்ல" என்றாள். அது புற்றில்லை என்று தெரிந்தது. பிறகு அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒரு தெருவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது தெரியும். ஆனாலும் எல்லா முகாம்களையும்விட அந்தத் தாத்தாவின் சாவு அதிகம் பேரைக் கொண்டு வந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி உங்கள் 46 வயது அக்கா. ஜீப்பில் போகாதீர்கள்; ஜீப் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். கிராம சுகாதார செவிலியரிடம் முதலில், வீட்டுக்காரர் கரையில் இருக்கிறாரா, இதற்கு முன் அந்த வீட்டில் யார் எப்படி இறந்தார்கள் என்று விசாரியுங்கள். அந்தச் செவிலியரோடு சேர்ந்து மதியம் மூன்று மணிக்கு மேல், அக்கா வியாபாரம் முடித்துத் திரும்பிய பிறகு போங்கள். பிரஷர் கருவியைக் கொண்டு போய் உண்மையிலேயே பிரஷர் பாருங்கள், பக்கத்து வீட்டிலும் பாருங்கள். கட்டன் சாயா கொடுத்தால் குடியுங்கள். ரிப்போர்ட்டை உடனே எடுக்க வேண்டாம். "இதுக்கு முன்ன ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அந்த மௌனம் நீளமாக இருக்கும், நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். அன்றைக்கே சம்மதிக்க மாட்டார். உங்கள் சொந்த எண்ணை மகளின் போனில் உங்கள் பெயர் போட்டுப் பதிந்து கொடுங்கள். அடுத்த வியாழக்கிழமை இதே நேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வியாழக்கிழமை மழை பெய்தாலும் போங்கள்.